இயக்க மங்கலைப் பதிவு செய்தல்: ஒரு நகரும் பலகை, இரண்டு கேமரா, ஒரு பீம் ஸ்ப்ளிட்டர்

மங்கலை நீக்கும் நிரலுக்குப் பயிற்சி கொடுக்க, மங்கலான ஃப்ரேமும் அதே கணத்தின் தெளிவான ஃப்ரேமும் ஜோடியாக வேண்டும். ஒரே கேமரா ஒரே கணத்தில் இரண்டையும் தராது. அதனால் இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதல் வழி, வேகமான கேமராவில் எடுத்த ஃப்ரேம்களைச் சராசரி எடுத்து மங்கலைச் செயற்கையாக உருவாக்குவது. 2017-இல் நா, கிம், லீ மூவரும் வெளியிட்ட கோப்ரோ தொகுப்பு இந்த வகை: விநாடிக்கு 240 ஃப்ரேம், 7 முதல் 13 வரை அடுத்தடுத்த ஃப்ரேம்களின் சராசரி, 1280×720 அளவில் 3,214 ஜோடிகள். 2019-இல் வந்த ரெட்ஸ் தொகுப்பு 120 ஃப்ரேம் வேகத்தில் எடுத்து, இடைச்செருகலால் (ஃப்ரேம்களுக்கு நடுவே கணித்த ஃப்ரேம்களைச் சேர்த்து) 1,920 ஆக உயர்த்தி, பிறகு சராசரி எடுத்தது. இரண்டாவது வழி, ஒரே காட்சியை பீம் ஸ்ப்ளிட்டரால் (ஒளியில் பாதியைக் கடத்திப் பாதியைப் பிரதிபலிக்கும் தட்டு) இரண்டு கேமராவுக்குப் பிரித்து, ஒன்றில் நீண்ட எக்ஸ்போஷரும் மற்றதில் குறுகிய எக்ஸ்போஷரும் வைப்பது. 2020-இன் ரியல்பிளர் அசையாப் படங்களுக்கு இப்படிச் செய்தது; அதே ஆண்டின் பி.எஸ்.டி. தொகுப்பு வீடியோவுக்குச் செய்தது.

இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பதிவில் இரண்டு வழிகளும் ஒரே காட்சியின் மேல் வருகின்றன. காட்சி வேண்டுமென்றே எளிமையானது: தெரிந்த வேகத்தில் நேர்கோட்டில் நகரும் தட்டையான பலகை. வேகமும் எக்ஸ்போஷர் நேரமும் கையில் இருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் எத்தனை பிக்சல் மங்கல் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். பதிவு அந்த எண்ணோடு ஒத்துப்போகவில்லையென்றால் கோளாறு எங்கே என்று தேடலாம். தெருக்காட்சிகளில் இந்த வசதி கிடையாது. அங்கே பிழையான தரவும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

முதலில் கணக்கு

ஃப்ரேம் வேகம் மங்கலைத் தீர்மானிப்பதில்லை. பிம்பம் சென்சாரின் மேல் நகரும் வேகத்தை எக்ஸ்போஷர் நேரத்தால் பெருக்கினால் வருவதுதான் மங்கலின் நீளம். விநாடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் கேமராவில் எக்ஸ்போஷர் அரை மில்லி விநாடியாகவும் இருக்கலாம், 33 மில்லி விநாடியாகவும் இருக்கலாம்.

சென்சார் 1920×1200 பிக்சல், குளோபல் ஷட்டர் (எல்லா வரிகளும் ஒரே கணத்தில் பதியும்), ஒரு பிக்சலின் அகலம் 5.86 மைக்ரோமீட்டர். லென்ஸ் 16 மி.மீ. பிக்சல் கணக்கில் குவியத் தூரம் 16 ÷ 0.00586, அதாவது சுமார் 2,730. பலகை 1 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் மேல் 1 மி.மீ. என்பது 2.73 பிக்சல். பலகை விநாடிக்கு 400 மி.மீ. நகர்ந்தால் பிம்பம் விநாடிக்கு 1,092 பிக்சல் நகரும். 16 மில்லி விநாடி எக்ஸ்போஷருக்கு 17.5 பிக்சல் மங்கல்; அரை மில்லி விநாடிக்கு 0.55 பிக்சல். தெளிவான படம் என்று பெயர் வைக்க ஒரு பிக்சலுக்குள் இருந்தாக வேண்டும் என்பதால், குறுகிய எக்ஸ்போஷர் 0.5 மில்லி விநாடியில் நிலைநிறுத்தப்படுகிறது.

வேகங்கள் மூன்று: விநாடிக்கு 100, 200, 400 மி.மீ. நீண்ட எக்ஸ்போஷர்களும் மூன்று: 4, 8, 16 மில்லி விநாடி. இரண்டுமே இரட்டிப்பாகப் போவது தற்செயல் அல்ல. 100-ஐ 16-ஓடு சேர்த்தாலும், 200-ஐ 8-ஓடு சேர்த்தாலும், 400-ஐ 4-ஓடு சேர்த்தாலும் 4.37 பிக்சல்தான் வரும். மூன்று ஓட்டங்களிலும் கோட்டின் மங்கல் ஒன்றாக இல்லையென்றால் வேகமோ எக்ஸ்போஷரோ பொய் சொல்கிறது. இதைவிட மலிவான சோதனை வேறில்லை.

தண்டவாளமும் பலகையும்

நகர்த்துவது 600 மி.மீ. ஓட்டமுள்ள பெல்ட் தண்டவாளம். ஸ்டெப்பர் மோட்டார் சுற்றுக்கு 200 படி, புல்லியில் 20 பல், பல் இடைவெளி 2 மி.மீ.; ஆக ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. ஒரு முழுப்படி 0.2 மி.மீ., பதினாறில் ஒரு மைக்ரோபடி 0.0125 மி.மீ. விநாடிக்கு விநாடி 2 மீட்டர் முடுக்கத்தில் 400 மி.மீ. வேகத்தை எட்ட 40 மி.மீ. தூரம் போகும், நிற்கவும் அதே அளவு. நடுவில் மிஞ்சும் 520 மி.மீ. மட்டுமே சீரான வேகம். அது 1.3 விநாடி, அதாவது 30 ஃப்ரேம் வேகத்தில் 39 ஃப்ரேம். மற்றவை தரவில் சேரக் கூடாது. முடுக்கத்தின்போது எடுத்த ஃப்ரேமில் மங்கலின் ஒரு முனை கனத்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும், ஆனால் குறிப்புக் கோப்பில் சீரான வேகம் என்று எழுதியிருக்கும்.

பலகையில் நான்கு வகை வடிவங்கள்: கறுப்பின் மேல் 1 மி.மீ. வெள்ளைக் கோடு, சற்றுச் சாய்ந்த ஓரம், அச்செழுத்து, எல்.இ.டி. புள்ளிகள் சில. கோடு அளவெடுக்க. நகர்ந்த கோட்டின் வெளிச்சக் குறுக்குவெட்டு சரிவகமாக வரும். மங்கல் கோட்டின் அகலத்தைவிடப் பெரியதாக இருக்கும்வரை, பாதி உயரத்தில் அந்தச் சரிவகத்தின் அகலமே மங்கலின் நீளம். அடி அகலத்தை அளந்தால் கோட்டின் 2.7 பிக்சலும் சேர்ந்துவிடும். எல்.இ.டி. எதற்கு என்பது பின்னால் வரும்.

பீம் ஸ்ப்ளிட்டர் பெட்டி

50:50 தட்டை 45 பாகையில் வைத்து, ஒரு கேமரா நேராகவும் மற்றது அதற்குச் செங்குத்தாகவும் பார்க்க வேண்டும். இரண்டாவது கேமராவைப் பக்கத்தில் வைப்பதா மேலே வைப்பதா என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த லென்ஸின் பார்வைக்கோணம் கிடையாக 39 பாகை, செங்குத்தாக 25 பாகைதான். லென்ஸின் நுழைதுளையிலிருந்து (முன்னாலிருந்து பார்த்தால் துளை தெரியும் இடம்) 60 மி.மீ. தள்ளித் தட்டு இருந்தால், பக்கவாட்டு அமைப்புக்குத் தட்டு சுமார் 80 மி.மீ. நீளம் வேண்டும். கேமராவை மேலே வைத்துத் தட்டைக் கிடை அச்சில் சாய்த்தால் 75 மி.மீ. சதுரத் தகடு தாராளமாகப் போதும். பிரதிபலித்த படம் அப்போது தலைகீழாக வரும், மென்பொருளில் திருப்பிக்கொள்ளலாம்.

தட்டின் பின்முகத்தில் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இல்லையென்றால், பிரதிபலிப்புப் பாதையில் ஒவ்வொரு பொருளுக்கும் மெல்லிய இரட்டை தெரியும். மங்கல் நீக்கும் நிரல் அந்த இரட்டையையும் ஒருவகை மங்கலாகக் கற்றுக்கொள்ளும். கேமராக்களுக்கு எதிரே மிஞ்சும் நான்காவது பக்கத்தைக் கறுப்பு வெல்வெட்டால் மூட வேண்டும். இல்லையேல் அந்தச் சுவரின் வெளிச்சம் தட்டில் பட்டுத் திரும்பி, கறுப்பு நிறத்தைச் சாம்பலாக்கும். தட்டின் பிரிக்கும் விகிதம் ஒளியின் முனைவாக்கத்தைப் பொறுத்தும் மாறும். பளபளப்பான பரப்புகளின் எதிரொளி இரு கேமராவிலும் ஒரே அளவில் வராததற்கு அதுவே காரணம், அதைப் பின்னால் சரிசெய்யவும் முடியாது. பலகையின் அச்சு மேட் தாளில் இருப்பது அதனால்தான். படுகோணத்தோடு விகிதம் மாறுவதால் படத்தின் மேலிருந்து கீழாக ஒரு வெளிச்சச் சரிவும் வரும். அது ஃபிளாட் ஃபீல்டு படத்தால் (சீராக ஒளிபெற்ற வெற்றுப் பரப்பின் படம்) வகுத்தால் போய்விடும்.

இரு கேமராவின் நுழைதுளை மையங்களும் தட்டு வழியே ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். 1 மி.மீ. விலகல் இருந்தாலே, 1 மீட்டரில் உள்ள பலகைக்கும் 2 மீட்டரில் உள்ள பின்புலத்துக்கும் இடையே 1.37 பிக்சல் இடமாறு தோற்றப் பிழை வரும். சதுரங்கப் பலகையைக் கொண்டு ஹோமோகிராஃபி (ஒரு தளத்தின் இரு படங்களை ஒன்றோடொன்று பொருத்தும் உருமாற்றம்) கண்டுபிடித்தால் பலகையின் தளம் பொருந்தும், பின்புலம் பொருந்தாது. ஆகவே சதுரங்கப் பலகையை ஒரே தூரத்தில் வைத்துத் திருப்தி அடையக் கூடாது. 0.8, 1, 2 மீட்டரில் வைத்து மூன்றிலும் ஒரே ஹோமோகிராஃபி பொருந்தும்வரை மேல்கேமராவின் திருகுகளை நகர்த்த வேண்டும். முழுப் பதிவிலும் பொறுமையைச் சோதிக்கும் வேலை இதுதான்.

வெளிச்சம்

0.5 மில்லி விநாடி என்பது ஒளிக்குப் பெரும் பஞ்சம். எஃப்/4, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்துக் கணக்கிட்டால் சுமார் 80,000 லக்ஸ் வேண்டும், அது நேரடி வெயிலுக்கு நெருங்கிய அளவு. ஸ்ப்ளிட்டர் அதில் பாதியைத் தின்னும். எஃப்/2-க்குத் திறந்து, ஐ.எஸ்.ஓ. 400-க்கு ஈடான கெயின் (சமிக்ஞைப் பெருக்கம்) வைத்தால் தேவை 5,000 லக்ஸ், ஸ்ப்ளிட்டரோடு 10,000. அறைக்குள் இது முடியும்.

எஃப்/2-க்கு விலை உண்டு. கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 95.5 செ.மீ. முதல் 105 செ.மீ. வரைதான். தண்டவாளம் சென்சாருக்கு இணையாக இல்லாமல் சற்றுக் கோணலாக இருந்தால், பலகை ஓட்டத்தின் ஒரு முனையில் குவியம் தவறும். அங்கே குவிய மங்கலும் இயக்க மங்கலும் கலந்துபோகும், அதன்பிறகு பிரிக்க வழியில்லை. இரு கேமராவுக்கும் துளை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்தால். நீண்ட எக்ஸ்போஷர் கேமராவின் வெளிச்சத்தைக் குறைக்கத் துளையைச் சுருக்கினால் அதன் ஆழம் மாறிவிடும். அதற்குப் பதில், நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் என்.டி. ஃபில்டர்: 16 மில்லி விநாடிக்கு 32 மடங்கு (அடர்த்தி 1.5), 8-க்கு 16 மடங்கு (1.2), 4-க்கு 8 மடங்கு (0.9). ஃபில்டரின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் சாம்பல் அட்டையை வைத்து உண்மையான விகிதத்தை அளந்து குறித்துக்கொள்வது நல்லது. அடர்த்தியான சில ஃபில்டர்கள் அகச்சிவப்பைத் தடுக்காமல் விடும் என்பதால் இரு கேமராவிலும் அகச்சிவப்புத் தடுப்பு அவசியம்.

விளக்கு எல்.இ.டி. ஆனாலும் அதன் டிரைவர் மாறா நேர்மின்னோட்டம் தர வேண்டும். மின்விநியோகம் 50 ஹெர்ட்ஸ் என்றால் சாதாரண விளக்கு விநாடிக்கு 100 முறையும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறையும் துடிக்கும். அரை மில்லி விநாடி ஃப்ரேம்கள் அந்தத் துடிப்பின் வெவ்வேறு இடங்களைப் பிடித்து ஒன்று வெளுத்தும் ஒன்று கறுத்தும் வரும். வெளிச்சத்தைக் குறைக்கத் துடிப்பகல மாற்று முறையை (விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுவது) பயன்படுத்தும் பேனல்கள் இன்னும் மோசம்: 16 மில்லி விநாடிக் கோடு தொடர்ச்சியாக இல்லாமல் புள்ளி புள்ளியாக உடைந்து வரும். விளக்கு எந்த வகை என்று தெரியவில்லையென்றால், பளபளக்கும் குச்சியொன்றை அதன் கீழ் வேகமாக ஆட்டி நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்தால் போதும், தடம் உடைந்திருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ட்ரிகர்

தெளிவான படம் மங்கலின் நடுவில் இருக்க வேண்டும், தொடக்கத்தில் அல்ல. 16 மில்லி விநாடிக்கு நடுவே 0.5 வர, இரண்டாவது கேமராவின் ட்ரிகர் (படமெடுக்கத் தொடங்கச் சொல்லும் சமிக்ஞை) 7.75 மில்லி விநாடி தாமதிக்க வேண்டும், 8-க்கு 3.75, 4-க்கு 1.75. இதை மைக்ரோகன்ட்ரோலர் மின்துடிப்பாகத் தர வேண்டும். கணினியிலிருந்து மென்பொருள் கட்டளையாக அனுப்பினால் தாமதம் ஒவ்வொரு முறையும் சில மில்லி விநாடி முன்னும் பின்னும் போகும். இங்கே 1 மில்லி விநாடிப் பிசகு 1.09 பிக்சல் இடப்பெயர்ச்சி.

எக்ஸ்போஷரும் தாமதமும் சொன்னபடி நடக்கின்றனவா என்பதற்கு ஒரு எல்.இ.டி. வரிசை. 40 எல்.இ.டி., ஒவ்வொன்றும் 0.5 மில்லி விநாடி மட்டும் எரிந்து அடுத்ததற்கு நகரும். முழுச்சுற்று 20 மில்லி விநாடி. 16 மில்லி விநாடி எக்ஸ்போஷர் படத்தில் தொடர்ச்சியாக 32 எரிந்திருக்க வேண்டும். குறுகிய எக்ஸ்போஷரில் ஒன்று முழுதாகவோ இரண்டு அரைகுறையாகவோ தெரியும், அது அந்த 32-இன் நடுவில், 16-க்கும் 17-க்கும் இடையே விழ வேண்டும். ஒரே ஜோடிப் படத்தில் எக்ஸ்போஷர் நீளம், மையம் இரண்டும் சோதிக்கப்பட்டுவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் சில ஃப்ரேம் இந்த வரிசையை எடுத்து வைப்பது, ஃப்ரேம் தவறியதா என்பதையும் பின்னால் காட்டிக்கொடுக்கும்.

ஃப்ரேம் தவறுவது சாதாரணமாக நடக்கும். 12 பிட் சுருக்கி அடுக்கினால் ஒரு ஃப்ரேம் 3.46 மெகாபைட், 30 ஃப்ரேம் வேகத்தில் ஒரு கேமராவுக்கு விநாடிக்கு 104 மெகாபைட், இரண்டுக்கும் 207. 60 ஃப்ரேம் கேட்டால் 415, இது ஒரே யூ.எஸ்.பி. 3 கன்ட்ரோலரின் நடைமுறை எல்லையைத் தாண்டும். இரு கேமராவுக்கும் தனித்தனிக் கன்ட்ரோலர் கொடுப்பது பாதுகாப்பு. ஒரு கேமராவில் மட்டும் ஒரு ஃப்ரேம் விழுந்தால் அதற்குப் பின் எல்லா ஜோடிகளும் 33 மில்லி விநாடி, அதாவது 36 பிக்சல், தள்ளிப்போகும். கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டால் பிடிபடாது, ஏனெனில் இரண்டிலும் ஆளுக்கொன்று விழுந்திருக்கலாம். கேமரா தானே ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இடும் வரிசை எண்ணையும் நேர முத்திரையையும் ஒப்பிட வேண்டும்.

சராசரி எடுத்த மங்கல் ஏன் வேறாக வருகிறது

இந்தப் பதிவின் பயன் இங்கேதான். அதே பலகை, அதே வேகம், 240 ஃப்ரேம் கேமரா. 16 மில்லி விநாடிக்குள் ஏறத்தாழ 4 ஃப்ரேம்தான் கிடைக்கும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பலகை 4.55 பிக்சல் நகரும். ஷட்டரை 1 மில்லி விநாடியில் வைத்தால் சராசரியில் மங்கல் வராது. நான்கு பேய்ப்பிம்பங்கள் வரும். இடைவெளி இல்லாமல் ஷட்டரை முழுதாக 1/240 விநாடிக்குத் திறந்தால் சராசரி வழுவழுப்பாகும், ஆனால் தெளிவான படம் என்று எடுத்துக்கொள்ளும் நடு ஃப்ரேமிலேயே 4.55 பிக்சல் மங்கல் இருக்கும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. ஒரு பிக்சல் இடைவெளி வேண்டுமென்றால் 1,092 ஃப்ரேம் வேகம் வேண்டும். இடைச்செருகல் இந்தப் பள்ளத்தை நிரப்பும், ஆனால் மெல்லிய கம்பி, திரும்பத் திரும்ப வரும் கோடுகள், ஒன்றையொன்று மறைக்கும் ஓரங்கள் ஆகியவற்றில் தடுமாறும்.

பலகை தண்டவாளத்தின் மேல் இருப்பதால் மூன்றாவது வழியொன்று திறக்கிறது. 16 மில்லி விநாடியில் பலகை கடக்கும் தூரம் 6.4 மி.மீ. அதை 0.1 மி.மீ. வீதம் 64 படியாகப் பிரித்து (8 மைக்ரோபடிக்கு ஒன்று, 0.27 பிக்சல்), ஒவ்வொரு படியிலும் பலகையை நிறுத்தி, அசையாப் படம் எடுத்து, எல்லாவற்றையும் சராசரி எடுப்பது. இடைவெளியும் இல்லை, ஒவ்வொரு ஃப்ரேமிலும் சொந்த மங்கலும் இல்லை. பெல்ட்டின் தளர்வு புகாமலிருக்க எப்போதும் ஒரே திசையிலிருந்தே வர வேண்டும். மைக்ரோபடியின் இடத்துல்லியத்தை நம்பாமல் தண்டவாளத்தில் என்கோடர் (பலகை இருக்கும் இடத்தை அளக்கும் கருவி) இருந்தால் உத்தமம். இந்தப் படிச்சராசரியை உண்மையான 16 மில்லி விநாடிப் படத்தோடு கழித்துப் பார்த்தால் மிஞ்சுவன மூன்று வேறுபாடுகள். மூன்றுமே சராசரி எடுக்கும் தொகுப்புகள் எல்லாவற்றையும் தொடுபவை.

முதலாவது காமா, அதாவது கண்ணின் உணர்வுக்கு ஏற்ப வெளிச்ச எண்களை வளைத்துச் சேமிப்பது. சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் கூட்டுகிறது. வீடியோக் கோப்பு காமா ஏற்றிய எண்களைச் சேமிக்கிறது. எக்ஸ்போஷரின் எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டும் வெள்ளைக் கோடு ஒரு பிக்சலைக் கடந்ததாகக் கொள்வோம். உண்மையான படத்தில் அந்தப் பிக்சல் நேரியலில் 0.125, வழக்கமான காமா வளைவான எஸ்.ஆர்.ஜி.பி.-யில் 255-க்கு 99. காமா ஏற்றிய 8 பிட் ஃப்ரேம்களையே சராசரி எடுத்தால் 32. மூன்றில் ஒரு பங்கு! கறுப்பின் மேல் ஓடும் வெள்ளைக் கோடு கிட்டத்தட்டக் காணாமல் போகும். காமாவை அகற்றி, கறுப்பு நிலையையும் கழித்து, நேரியலில் சராசரி எடுத்து, பிறகுதான் காமா ஏற்ற வேண்டும். கேமராவின் டோன் வளைவு தெரியாத வீடியோக்களுக்கு இதைத் துல்லியமாகச் செய்ய இயலாது. சென்சார் தந்த எண்களை மாற்றாமல் ராவாகப் பதிவு செய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது நிரம்புதல்: எல்லைக்கு மேல் வரும் வெளிச்சத்தைப் பிக்சல் பதிவதில்லை. பலகையில் எல்.இ.டி. புள்ளிகள் வைத்தது இதற்காக. புள்ளியின் பிம்பம் 2 பிக்சல், வெளிச்சம் சென்சாரின் எல்லையைப்போல் 20 மடங்கு என்று கொண்டால், 17.5 பிக்சல் தடத்தில் ஒவ்வொரு பிக்சலும் மொத்த நேரத்தில் 11.4 சதவீதம் அதைப் பார்க்கும். உண்மையான படத்தில் அதுவே எல்லையைப்போல் 2.3 மடங்கு, ஆகவே தடம் முழுவதும் 12 பிட்டின் உச்சமான 4095-இல் வெட்டுப்பட்டு வெளுத்திருக்கும். நிரம்பி வெட்டுப்பட்ட படங்களைச் சராசரி எடுத்தால் அதே தடம் 468-தான். இரவுக்காட்சிகளில் விளக்குகளின் ஒளித்தடங்களை, செயற்கைத் தரவில் பயின்ற நிரல்கள் சொதப்புவதன் பெரும்பங்கு காரணம் இங்கே இருக்கிறது. தீர்வு, படிப்படங்களைப் பல எக்ஸ்போஷரில் எடுத்து வெட்டுப்படாத மதிப்பை மீட்டு, சராசரி எடுத்த பிறகு கடைசியாக 4095-இல் வெட்டுவது.

மூன்றாவது இரைச்சல். முறையாக ஒளிபெற்ற 64 ஃப்ரேம்களின் சராசரியில் இரைச்சல் எட்டில் ஒன்றாகக் குறையும். உண்மையான மங்கல் ஃப்ரேமுக்கு அந்தச் சலுகை இல்லை. இரைச்சலே இல்லாத மங்கலில் பயின்ற நிரல், உண்மைப் படத்தின் இரைச்சலை விவரம் என்று நினைத்துக் கூர்மையாக்கும். படிச்சராசரியின் மேல் ஃபோட்டான் இரைச்சலையும் வாசிப்பு இரைச்சலையும் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். நிரம்புதலையும் இரைச்சலையும் நேரியல் வெளியில் சேர்த்து, பிறகு கேமராவின் பட வழித்தடத்தை ஓட்டும் இந்த அணுகுமுறையை 2022-இன் ஆர்.எஸ்.பிளர் ஆய்வு முறைப்படுத்தியது.

கைபேசியில் எடுக்க நேர்ந்தால்

வரிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பதியும் ரோலிங் ஷட்டர்தான் தலையாய தொல்லை. 1,080 வரிகளைப் படித்து முடிக்க 16 மில்லி விநாடி ஆனால், மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் இடையே 400 மி.மீ. வேகத்தில் 17.5 பிக்சல் சாய்வு வரும். அது மங்கலின் அளவுக்குச் சமம். வாசிப்பு நேரத்தை அளக்க, 1,000 ஹெர்ட்ஸில் சிமிட்டும் எல்.இ.டி.யைக் குறுகிய எக்ஸ்போஷரில் திரை நிறையப் படமெடுத்துப் பட்டைகளை எண்ணலாம்: ஒரு பட்டைச் சுழற்சி 67 வரி என்றால் ஒரு வரிக்கு சுமார் 15 மைக்ரோவிநாடி. மின்னணு நிலைப்படுத்தல் அணைந்திருக்க வேண்டும். அது மங்கல் பதிந்த பிறகு ஃப்ரேமை நகர்த்துவதால், ஃப்ரேம்களுக்கு இடையேயான நகர்வுக்கும் மங்கலின் திசைக்கும் தொடர்பு அறுந்துவிடும். ஹெச்.டி.ஆர்., தானியங்கி எக்ஸ்போஷர், மாறும் ஃப்ரேம் வேகம் எல்லாமும் அணைந்திருக்க வேண்டும். ஒளியியல் நிலைப்படுத்தலும் வேண்டாம்: அது லென்ஸையோ சென்சாரையோ எவ்வளவு அசைத்தது என்பது கோப்பில் இராது.

கோப்புகள்

ஒவ்வொரு ஓட்டத்தோடும் கறுப்புப் படம், ஃபிளாட் ஃபீல்டு, சதுரங்கப் பலகை, எல்.இ.டி. வரிசை ஆகியவை சேமிக்கப்படுகின்றன. குறிப்புக் கோப்பில் வேகம் (கட்டளையிட்டதும் என்கோடர் சொன்னதும் தனித்தனியே), இரு எக்ஸ்போஷர், ட்ரிகர் தாமதம், கெயின், கறுப்பு நிலை, என்.டி. ஃபில்டரின் அளந்த விகிதம். படங்கள் 16 பிட் பி.என்.ஜி. வடிவில் இருக்க வேண்டும்; ஹெச்.264 போன்ற சுருக்கம் மங்கலின் மென்மையான சரிவுகளைத்தான் முதலில் அழிக்கும். பயிற்சி, சோதனை என்று பிரிக்கும்போது ஃப்ரேம்களைக் குலுக்கிப் பிரிக்காமல் பலகை வடிவம் வாரியாகப் பிரிக்க வேண்டும். ஒரே ஓட்டத்தின் அடுத்தடுத்த ஃப்ரேம்கள் இரண்டு பக்கமும் போனால், மதிப்பெண் உயர்வது நிரலின் திறமையால் அல்ல.

நேர்கோட்டில் சீராக நகரும் தளத்துக்கு மேல் இந்தத் தொகுப்பு எதையும் சொல்லாது. கை நடுக்கத்தில் கேமரா சுழலும்போது படத்தின் ஒவ்வொரு மூலையிலும் மங்கலின் வடிவம் வேறு. அதைக் கோஹ்லரும் கூட்டாளிகளும் 2012-இல் செய்ததுபோல, கை நடுக்கத்தைப் பதிவுசெய்து ஆறு அச்சு மேடையில் திரும்ப ஓட்டித்தான் பிடிக்க முடியும். பலகையின் ஓரம் பின்புலத்தை மறைத்தும் விட்டும் நகரும் இடங்களில் மட்டும், 2 மீட்டரில் ஓர் அச்சிட்ட திரையைத் தொங்கவிட்டு அதே ஒன்பது சேர்க்கைகளையும் மறுபடி ஓட்டலாம். கேமராக்களின் மையங்களைப் பொருத்திய உழைப்பு அப்போதுதான் பலன் தரும்.